சாவியைக் கொடுக்க மாட்டேன்

எங்கள் ஊரில் என்னைப் பற்றி விசாரித்தால், "யாரு, புருசன பஸ்ஸ விட்டு எறக்குனவளா?" என்பார்கள். சொல்லட்டும். இறக்கினேன்தான். ஒரு பஸ் நிறையப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக வேடிக்கை பார்க்க, பட்டப்பகலில் இறக்கினேன். நாளைக்கே அப்படி ஒரு நிலைமை வந்தாலும் இறக்குவேன். வருத்தப்பட்டு இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கன்னிவாடிப் பக்கம் எங்கள் ஊர். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் வேலை பார்த்தேன். என் கணவர் அதே மில்லின் பஸ் டிரைவர். காலையில் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு, பழனி ரோட்டில் ஏறி, திண்டுக்கல் வழியாக மில்லுக்குப் போய்ச் சேருவோம். அவருக்குப் பின்னால் முதல் சீட் என்னுடையது. டிரைவர் பெண்டாட்டி என்ற சலுகை எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஒரு காலத்தில் அவர் குடித்தார். ஊருக்கே தெரிந்த விஷயம், மறைக்க ஒன்றுமில்லை. சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதும் கடைக்குப் போவார். மறுநாள் காலையில் பல் விளக்கி, நெற்றியில் திருநீற்றுப் பட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார். ஆனாலும் பக்கத்தில் போனால் வாடை வரும். நான் சண்டை போட்டேன், அம்மா வீட்டுக்குப் போனேன், திரும்பி வந்து மறுபடி சண்டை போட்டேன். எதற்கும் அசையாத மனுஷன் ஒரு வருடம் பழனிக்கு மாலை போட்டார். தைப்பூசம் முடிந்து மாலையைக் கழற்றிய பிறகும் கடைப் பக்கம் போகவில்லை. அதோடு விட்டார். முருகன் விடவைத்தாரா, என் வாய் விடவைத்ததா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு வருடம் தவறாமல் மார்கழியில் மாலை. பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, கழுத்தில் துளசி மணி, விடிவதற்கு முன்னால் தொட்டியில் பச்சைத் தண்ணீர்க் குளியல். மாலை போட்டவரைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ யாரும் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் அவர் சாமிதான். எனக்கும் சாமிதான். பெண்டாட்டி விரல் நுனிகூடப் படக் கூடாது. காபி டம்ளரைக்கூடத் தரையில் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் எடுப்பார். விரதத்தில் அவ்வளவு கறார்.

மில்லில் எல்லா டிரைவர்களும் காலையில் திண்டுக்கல் வரும்போது வண்டியை நிறுத்தி, அங்கே நிற்கும் சூப்பர்வைசரிடம், குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் மிஷினில் ஊத வேண்டும். மாலை போட்ட டிரைவர்களை மட்டும் ஊதச் சொல்ல மாட்டார்கள். சாமியை ஊதச் சொல்வது அபசாரமாம். பஸ்ஸில் வரும் பெண்களும் அப்படித்தான். "இந்த ரெண்டு மாசம் நிம்மதி, சாமி ஓட்டுறாரு" என்று சீட்டில் சாய்ந்து தூங்கிப்போவார்கள். கழுத்தில் மாலை கிடந்தால் தலையில் தெளிவும் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிற ஊர் எங்களுடையது. நானும் அந்த ஊர்க்காரிதான்.

அந்த வருடம் தை பிறந்தும் பனி விடவில்லை. பனியில் பச்சைத் தண்ணீர்க் குளியல் அவர் நெஞ்சில் சளியாகக் கட்டியது. மூக்கு ஒழுகி, ராத்திரியெல்லாம் இருமல். ஒருநாள் வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்றதற்கு, "வெரதத்துல வெந்நியா?" என்று முறைத்தார். மெடிக்கல் ஷாப்பில் போய் "சளிக்குக் குடுப்பா" என்று கேட்டிருக்கிறார். அவனும் அட்டையிலிருந்து கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கொடுத்திருக்கிறான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. சளிக்கு மாத்திரை வாங்குகிறவன் ஜாதகமா சொல்லிக்கொண்டிருப்பான்?

மறுநாள் காலை பஸ் ஊரை விட்டுக் கிளம்பியபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அவர் அதில் ஏற்றி இறக்கினால் மடியில் இருக்கும் தூக்குவாளி மூடிகூட அசையாது. அன்றைக்குப் பஸ் துள்ளி விழுந்தது. பின் சீட்டில் இருந்தவர்கள் "ஆத்தாடி" என்று கத்தினார்கள். அடுத்த ஊர் நிறுத்தத்தில் பெண்கள் கை காட்டிக்கொண்டு நிற்க, அவர்களைத் தாண்டிப் போய்விட்டார். நான் சத்தம் போட்ட பிறகு பிரேக் போட்டார். அவர்கள் ஓடி வந்து ஏறி, "என்ன சாமி, எங்கள மறந்துட்டீகளா?" என்று சிரித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கியர் போட்டார்.

மேலே கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பார்க்கவில்லை. இமை மெதுவாக இறங்கும், பாதியில் திடுக்கென்று ஏறும், மறுபடி இறங்கும். இடது பக்கச் சக்கரம் தாரை விட்டுச் செம்மண்ணில் இறங்கிச் சரசரவென்று ஓடி, பிறகு மேலே ஏறியது. ஆட்டம் இல்லை, அலம்பல் இல்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை புரள்வதுபோல வண்டி தானாகச் சரிந்தது.

"சாமி, மாத்திர போட்டீகளா?" என்றேன்.

"ராத்திரி ஒண்ணு. காலைல ஒண்ணு."

கியர் பக்கத்தில் கிடந்த காகிதக் கவரை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அந்த மாத்திரை தெரியும். முந்தின வருடம் எனக்குச் சளி பிடித்தபோது மில் நர்ஸ் அதைத்தான் கொடுத்தார். கொடுத்த கையோடு, "இது தூக்கம் வர்ற மாத்திர. இன்னைக்கு மிஷின் பக்கம் போகாத. ராத்திரி போட்டாக்கூட மறுநா காலைல வரைக்கும் இழுக்கும்" என்று சொல்லி, என்னை உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றச் சொன்னார். நூல் சுற்றுகிற மிஷினுக்கு அவ்வளவு ஜாக்கிரதை. பஸ் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற மனுஷனுக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

இன்னும் கொஞ்ச தூரத்தில் பழனி ரோடு. தைப்பூசம் நெருங்குகிற நேரத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஓரமும் பச்சையும் காவியுமாக ஜனம் நடந்துகொண்டே இருக்கும். காவடி எடுத்தவர்கள், கால் கொப்புளித்து நொண்டுகிறவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்தவர்கள். பனிமூட்டம் வேறு. சக்கரம் செம்மண்ணில் இறங்கினால் அங்கே செம்மண் இருக்காது, ஆள்தான் இருக்கும்.

பழனி ரோட்டுக்கு முந்தின ஊரில் ஒரு டீக்கடையை ஒட்டி நிறுத்தம். பெண்கள் ஏறினார்கள். அவர் என்ஜினை அணைத்துவிட்டு முகம் கழுவ பாட்டிலை எடுத்து இறங்கினார். நான் எட்டிச் சாவியை உருவிக்கொண்டேன். அவர் திரும்பி ஏறிச் சீட்டில் உட்கார்ந்து, சாவி இல்லாததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன வெளாட்டு இது? குடு."

"தர மாட்டேன் சாமி. நீங்க இன்னைக்கி வண்டி ஓட்ட வேணாம். எறங்குங்க."

பெண்கள் சீட்டிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மாலை போட்ட புருஷனைப் பார்த்துப் பெண்டாட்டி அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பின்னாலிருந்து ஒருத்தி தாழ்ந்த குரலில், "பழைய பழக்கம் திரும்பிருச்சோ?" என்றாள். அது அவர் காதில் விழுந்தது. அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அவர் கஷ்டப்பட்டுச் சேர்த்திருந்த நல்ல பெயர் அந்த ஒரு பேச்சில் கீழே விழுந்தது. தட்டிவிட்டது நான். தெரிந்துதான் தட்டிவிட்டேன்.

"அவரு குடிக்கல. சளி மாத்திர போட்டுருக்காரு. தூக்கத்துல இருக்காரு" என்று நான் கத்தினேன். மாத்திரையா என்று ஒருத்தி சிரித்தாள். சளி மாத்திரைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இன்னொருத்தி கேட்டாள். எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, எனக்கு அக்கா முறை, எழுந்து வந்து, "ஏன்டி, புருசன் மானத்த இப்பிடி நடுரோட்டுலயா வாங்குவ? சாவியக் குடுடி, அரைநா ஆப்சென்ட் போட்டுருவான்" என்றாள். அவள் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்கவில்லை.

யாரோ மில்லுக்குப் போன் போட்டார்கள். திண்டுக்கல்லில் இன்னொரு பஸ்ஸுக்காகக் காத்திருந்த சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார், கையில் ஊதுகிற மிஷினோடு. மாலை போட்டவர் முன்னால் அதை நீட்ட அவருக்கே கை கூசியது. "மன்னிச்சுக்கங்க சாமி, அம்மா இப்பிடிச் சொல்றதால..." என்று இழுத்தார். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை.

என் கணவர் இறங்கிப் போய் ஊதினார். நானும் பின்னாலேயே இறங்கி நின்றேன். டீக்கடை முன்னால், பச்சை வேட்டியோடு, துளசி மணி நெஞ்சில் ஆட, கன்னம் உப்ப ஊதினார். மிஷின் ஒன்றும் காட்டவில்லை.

பஸ்ஸுக்குள் கைதட்டாத குறை. அதுவரை அவரைச் சந்தேகப்பட்ட எல்லோரும் இப்போது என் மேல் பாய்ந்தார்கள். சாமி மேல் அபாண்டம் சொன்னவள், அடங்காதவள், இதற்கு முருகன் கூலி கொடுப்பான் என்றார்கள். சூப்பர்வைசர் நிம்மதியாக மூச்சு விட்டு, "அதான் மிஷினே சொல்லிருச்சே. சாவியக் குடும்மா, நேரமாகுது" என்றார்.

குடித்தவனைச் சாராயமே காட்டிக்கொடுத்துவிடும். வாடை அடிக்கும், நாக்கு குழறும், மிஷின் கத்தும். மாத்திரைக்கு வாடை உண்டா? அது ஒழுக்கமான ஆள் மாதிரி, பட்டை போட்டுக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த மிஷின் அவர் குடிக்கவில்லை என்றுதான் சொன்னது. ஓட்டலாம் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் அங்கே நின்ற ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

"மிஷின் சொன்னா மிஷினையே ஓட்டச் சொல்லுங்க. நான் சாவி தர மாட்டேன்" என்றேன்.

"ஏய், குடுறி!" என்று அவர் இரண்டு எட்டு வைத்து வந்தார். நான் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். மாலை போட்டவர், தொட முடியாது. சூப்பர்வைசர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவரும் தொட முடியாது. டீக்கடையில் ஒரு பெரியவருக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. பெண்கள் யாராவது எடுக்கட்டுமே என்று சூப்பர்வைசர் பஸ்ஸைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

"என் மானமே போச்சு. இனி நான் என்னத்த ஓட்டுறது" என்று சொல்லிவிட்டு அவர் போய் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நானும் சூப்பர்வைசரும் கத்திக்கொண்டிருந்தோம். என் வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். மேலே எழுதிப் போடுவேன் என்றார். மாத்திரை என்று சேர்த்து எழுதுங்கள் என்றேன். பஸ்ஸுக்குள்ளிருந்து வேறு வசவு விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு சத்தம்.

திடீரென்று அக்கா முறைக்காரியின் குரல் மட்டும் நின்றது. "ஆத்தி, இங்க பாரு" என்றாள்.

அவர் கதவுக் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து, சுடச்சுட டீ தொடையில் கொட்டி, பச்சை வேட்டி நனைந்து ஆவி பறந்தது. அவர் அசையவில்லை. ஒரு பஸ் பெண்கள் கத்தி, பெண்டாட்டி கத்தி, மேலே கொதிக்கிற டீ விழுந்தும் எழாத மனுஷன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவரைத்தான் பழனி ரோட்டில் ஓட்டச் சொன்னார்கள்.

பழனி ரோட்டுப் பக்கமிருந்து அரோகரா சத்தம் பனிக்குள் வந்துகொண்டே இருந்தது. அழுதேன், ஆனால் சாவியைத் தரவில்லை. மில்லிலிருந்து வேறு டிரைவர் வந்த பிறகுதான் கொடுத்தேன். அதுவும், "ராத்திரி தூங்குனீங்களா? மாத்திர மருந்து ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான். அவர் பயந்துபோய், "இல்லக்கா" என்றார்.

அன்றைக்கு எல்லோருக்கும் அரை நாள் போனது. மில் இதிலிருந்து ஒரு பாடம் கற்றது. இனி மாலை போட்டிருந்தாலும் ஊத வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்! தலையில் அடித்துக்கொண்டேன். ஊதினால் மாத்திரை தெரியாது, வாயைத் திறந்து கேளுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். மெடிக்கல் ஷாப்புக்கும் போனேன். "எல்லாருக்கும் இதத்தான்க்கா குடுக்குறோம்" என்றான். அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதே என்று இங்கிலீஷில், எறும்புக் கால் அளவுக்கு எழுதியிருந்தது. எறும்புக்கா லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். இப்போதெல்லாம் நான் கடைப் பக்கம் போனாலே, இருமல் மருந்து கேட்பவரிடம் அவன் சத்தமாக, "வண்டி ஓட்டுவீங்களாண்ணே?" என்பான். கிண்டல்தான். கிண்டலாகவாவது கேட்கிறானே.

ஊருக்குள் கதை வேறு மாதிரி போனது. மிஷின் ஒன்றும் காட்டாததும் அவர் தூங்கியதும் வழியிலேயே உதிர்ந்துபோய், மாலையோடு குடித்தார், பெண்டாட்டி இறக்கிவிட்டாள் என்பது மட்டும் வந்து சேர்ந்தது. டீக்கடையில் அப்படிப் பேசிய ஒருவனை நான் நிற்கவைத்துக் கேட்டேன். அவன் சிரித்தான். என் கணவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தால், எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தார். அவர் பெயர் கெட்டது எனக்கு வலித்தது, அவரைவிட அதிகமாகவே வலித்தது. ஆனால் எதற்கு மன்னிப்பு? அவர் உயிரோடு இருப்பதற்கா?

பாதயாத்திரைக்கு ஊர்க் கூட்டம் கிளம்பியது. நானும் போனேன். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி, வெயில் ஏறிய நேரம். முன்னால் போனவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி என் பக்கம் வந்துவிட்டார். கால் வலியாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். எதிரில் வருகிற ஒவ்வொரு வண்டியிலும் டிரைவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தார். இத்தனை வருடமாக அந்த ரோட்டைக் கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தவர்.

ஒரு வேன் வந்தது. வேகம் இல்லை, ஹாரன் இல்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, எங்கள் பக்கம் மெதுவாகச் சரிந்தது. நான் இன்னும் ஒரு எட்டு வைத்திருப்பேன். என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. அவர் என்னை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தார். முன்னால் நடந்தவர்களைப் பார்த்து, "ஓரம், ஓரம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். வேனின் சக்கரம் நாங்கள் நின்ற செம்மண்ணை அரைத்துக்கொண்டு ஓடி, யாரோ போட்ட கூச்சலில் டிரைவர் விழித்துக்கொள்ள, மேலே ஏறிப் போனது. யார் மேலும் படவில்லை.

"குடிகாரப் பய!" என்று கூட்டத்தில் ஒருவர் ஏசினார்.

"குடிச்ச வண்டின்னா ஆடும்" என்றார் என் கணவர். "இது ஆடல. தூங்குது."

பிறகு என்னைப் பார்த்தார். பழைய கோபம் கொஞ்சம் அப்படியேதான் இருந்தது. நானும் பார்வையை இறக்கவில்லை.

"அன்னைக்கி நானும் இப்பிடித்தான் போயிருப்பேனா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

என் மணிக்கட்டு அவர் பிடியில்தான் இருந்தது. சாமி, மாலை என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அவர் காதில் வாங்காமல், என் கையைப் பிடித்தபடியே பழனி வரைக்கும் நடந்தார்.